பசுவைக் கணக்கில் எழுதிய ஆடிட்டர்

குடியானவர் வீட்டு வருமானத்துக்காக வாழ்ந்த ஜே.சி.குமரப்பாவின் கதை

லண்டனில் படித்த ஆடிட்டர் அவர். பம்பாயில் சொந்தமாகக் கம்பெனி நடத்தினார். உடுத்துவது வெள்ளைக்காரர் உடை. கை நிறைய வருமானம்.

அப்படிப்பட்டவர் அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு குடிசையில் குடியேறினார். செக்கில் கூடுதலாக எண்ணெய் எடுப்பது எப்படி, சாணத்தை நல்ல எருவாக்குவது எப்படி, செத்த மாட்டின் தோலைக்கூட வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

ஒரு குடியானவர் வீட்டில் நாலு காசு கூடுதலாகச் சேர என்ன வழி? இந்த ஒரு கேள்விக்காகவே அவர் தன் வாழ்நாளைச் செலவிட்டார்.

யார் அவர்?

டாக்டர் ஜே.சி.குமரப்பா. அவர் தமிழர். தஞ்சாவூரில் பிறந்தவர். வீட்டில் ஒரு மாடாவது வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

தஞ்சையில் பிறந்தார்

1892-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் குமரப்பா பிறந்தார். தந்தையார் பெயர் சாலமன் துரைசாமி கார்னீலியஸ். பொதுப்பணித் துறையில் உத்தியோகம். தாயார் எஸ்தர் ராஜநாயகம்.

பையனுக்கு ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்று பெயர் வைத்தார்கள். குமரப்பா என்பது அந்தக் குடும்பத்தின் பழைய பெயர். பிற்காலத்தில் அவரும் தம்பி பாரதனும் கார்னீலியஸ் என்பதை விட்டுவிட்டு, குமரப்பா என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

செல்லத்துரை லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். 1919-ம் ஆண்டு தாய்நாடு திரும்பினார். பம்பாயில் தணிக்கைக் கம்பெனி தொடங்கினார். பெரிய வியாபாரிகள் தங்கள் கணக்குகளை அவரிடம் கொண்டு வந்தார்கள். வரவு, செலவு, லாபம், நஷ்டம் ஆகியவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர்.

1927-ம் ஆண்டு அமெரிக்கா போனார். சிரக்யூஸ் சர்வகலாசாலையில் வணிகப் பட்டம் பெற்றார். அடுத்து, நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார்.

ஒரு பேச்சு, ஒரு திருப்பம்

அங்கே ஒரு நாள் ஒரு மாதாகோவிலில் அவர் பேசினார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சு பத்திரிகையில் வெளிவந்தது.

அதை அவருடைய பேராசிரியர் செலிக்மன் படித்தார். உலகப் புகழ் பெற்ற வரி விதிப்பு நிபுணர் அவர். குமரப்பாவைக் கூப்பிட்டார். இந்த விஷயத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார்.

குமரப்பா ஆராய்ச்சியில் இறங்கினார். வெள்ளைக்கார சர்க்கார் இந்தியாவில் எவ்வளவு வரி வாங்கியது? அந்தப் பணத்தை எதில் செலவிட்டது? கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்க்கப் பார்க்க அவர் கண் திறந்தது. ஏழைக் குடியானவரிடம் வாங்கிய வரி, அந்தக் குடியானவருக்குத் திரும்பி வரவே இல்லை!

வெள்ளைக்காரர் ஆட்சியால் நன்மைதான் என்று அதுவரை நினைத்திருந்தவர் தேசபக்தராக மாறினார். அவரை மாற்றியது மேடைப் பேச்சு அல்ல. கணக்குப் புத்தகம்!

சாணி மெழுகிய தரையில்

அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட விரும்பினார். காந்தியைப் பார்க்கும்படி நண்பர்கள் சொன்னார்கள்.

1929-ம் ஆண்டு மே 9-ந் தேதி. சபர்மதி ஆசிரமம். பிற்பகல் நேரம்.

பட்டுப்போன்ற கோட்டு, கால்சட்டை, கையில் ஒரு தடியுடன் குமரப்பா போனார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே போய்விட்டார். வழியில் ஒரு மரத்தடி. கீழே சாணத்தால் மெழுகிய தரை. அதில் ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டை சுற்றுவதைக் குமரப்பா அதற்கு முன் பார்த்ததில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி நின்றார்.

சற்று நேரம் கழித்துக் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள்தான் குமரப்பாவா என்று விசாரித்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்தக் கிழவர்தான் காந்தி!

உடனே அந்தச் சாணித் தரையிலேயே, மடிப்புக் கலையாத உடுப்போடு உட்கார்ந்துவிட்டார். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டு வந்தார்கள். குமரப்பா அதில் உட்காரவில்லை. தரையே சௌகரியம் என்று சொல்லிவிட்டார்.

அன்று தரையில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்து நாற்காலிக்குப் போகவே இல்லை. பம்பாய் கம்பெனியும் போயிற்று. கோட்டும் போயிற்று. கதர் வந்தது.

வீடு வீடாகக் கணக்கு

காந்தி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். குஜராத்தில் கேடா ஜில்லாவில் மாத்தர் என்று ஒரு தாலுகா. அங்கே குடியானவர்களின் உண்மையான நிலை என்ன? கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும்.

குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனாலும் தயங்கவில்லை. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். நிலம் எத்தனை? மாடு எத்தனை? விளைந்தது எவ்வளவு? வரி எவ்வளவு? கடன் எவ்வளவு? வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள்.

பெரிய கம்பெனிகளின் வரவு செலவைப் பார்த்த கண்கள், முதல் தடவையாக ஒரு குடிசையின் வரவு செலவைப் பார்த்தன. எத்தனையோ வீடுகளில் வரவைவிடச் செலவு அதிகம். மீதிக்குக் கடன். கடனுக்கு வட்டி. இதற்கு மேல் நிலவரி! 1931-ம் ஆண்டு அந்த அறிக்கை புத்தகமாக வெளிவந்தது. இந்தியக் கிராமங்களை வீடு வீடாக அளந்து பார்த்த முன்னோடி நூல்களில் அது ஒன்று.

அந்தக் குடிசைகளில் அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. நிலம் ஒன்றை மட்டும் நம்பினால் குடியானவர் பிழைக்க முடியாது. நடவும் அறுப்பும் போக மீதி நாட்களில் கை சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் கைக்கு வேலை வேண்டும். வீட்டில் வீணாகப் போகும் பொருளுக்கு விலை வேண்டும்.

கண்டிப்பான கணக்கப்பிள்ளை

பிறகு சுதந்திரப் போராட்டம் அவரை இழுத்துக்கொண்டது. உப்பு சத்தியாக்கிரகத்தின்போது காந்தியின் யங் இந்தியா பத்திரிகையை நடத்தினார். ஜெயிலுக்குப் போனார். 1932-ல் மீண்டும் ஜெயில்.

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பயங்கர பூகம்பம். ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பாபு ராஜேந்திர பிரசாத் நிவாரண வேலையை நடத்தினார். வந்து குவிந்த பணத்துக்குக் கணக்கு வைக்க ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். குமரப்பா போனார்.

தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு 3 அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டளை போட்டார். காந்தியும் அவர் கூட்டத்தாரும் பாட்னாவுக்கு வந்தார்கள். அவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். பூகம்பத்தில் அடிபட்டவர்களுக்காக ஜனங்கள் கொடுத்த பணம் அது!

காந்தி கோபிக்கவில்லை. இந்தக் கண்டிப்பு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மகன்வாடி

அந்த 1934-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதிதான் காந்தி புதுச்சேரிக்கு வந்தார். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, வழியெல்லாம் கிராமங்களைப் பார்த்தார். கதர் மட்டும் போதாது, கிராமத்தின் எல்லாத் தொழில்களும் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் வலுத்துவந்த காலம் அது.

அந்த ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் பிறந்தது. அதற்குக் காரியதரிசி யார்? குமரப்பாதான்.

வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் தன் தோட்டத்தை அதற்காகக் கொடுத்தார். காந்தியின் உறவினரும் தொண்டருமான மகன்லாலின் நினைவாக அதற்கு மகன்வாடி என்று பெயர் வைத்தார்கள்.

மகன்வாடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். ஒரு மூலையில் செக்கு. ஒரு மூலையில் தேன் பெட்டி. வேறொரு மூலையில் கையால் காகிதம் செய்வார்கள். கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், சோப்பு, மண்பாண்டம் எல்லாவற்றிலும் ஆராய்ச்சி. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றும் செய்தார்கள். அதற்கு மகன் தீபம் என்று பெயர்.

குமரப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சிறு குடிசையே வீடு. வேட்டிக்குத் துணி அதிகம் செலவாகிறது என்று கால்சட்டை மாதிரி ஒரு புது உடுப்பைத் தானே தைத்துக்கொண்டார். வேட்டி ஜாமா என்று அதற்குப் பெயர். கணக்கு, துணியில்கூட!

மாடு பால் மட்டுமா தரும்?

பசுவைப் பற்றிக் குமரப்பா நிறைய யோசித்தார். இந்தியப் பொருளாதாரத்தில் பசுவின் இடம் என்ன என்று தனியாகவே எழுதினார். பசுவை அவர் பூசை அறையில் வைத்துப் பேசவில்லை. கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பேசினார்.

இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் திருவாண்டார்கோயில். பழைய பெயர் திருவடுகூர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். சுற்றிலும் நெல், கரும்பு, மணிலா பயிராகும் பூமி. அந்தப் பக்கத்தில் இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் பால் கறக்கிறார்கள். பால் சங்கத்துக்குப் போகிறது. பணம் வருகிறது. அந்தப் பணத்தில் பிண்ணாக்கும் தவிடும் வாங்குகிறார்கள். மாடு நோயில் விழுந்தால் வைத்தியச் செலவு. மாடு வற்றிப்போனால் வரவு நின்றுவிடும். தீனிச் செலவு நிற்காது. பால் விலை இறங்கினால் குடும்பமே ஆட்டம் காணும்.

ஒரே ஒரு கம்பத்தில் நிற்கும் பந்தல் மாதிரிதான் இது. குமரப்பாவும் அவருடைய சங்கத்தாரும் மேலும் சில கம்பங்களை ஊன்றச் சொன்னார்கள். அவை என்னென்ன?

முதல் வரவு: சாணம்

வளர்ந்த மாடு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். பால் வற்றிய மாடும் போடும். கிழட்டு மாடும் போடும். இந்த வரவு ஒரு நாளும் நிற்பதில்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வறட்டி தட்டி எரித்துவிடுகிறோம். இல்லையென்றால் வெயிலிலும் மழையிலும் குப்பை மேட்டில் கொட்டிவிடுகிறோம். வெயில் பாதிச் சத்தைக் காய்ச்சிவிடும். மழை மீதிச் சத்தைக் கரைத்துவிடும்.

கிராமத் தொழில் சங்கம் கூட்டெரு போடச் சொன்னது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி இந்தூரில் இருந்தபோது, நம் குடியானவர்களைப் பார்த்தே வகுத்த முறை அதற்கு வழிகாட்டி. சருகு, வைக்கோல் கூளம், களை, தழை இவற்றை அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும். நடுநடுவே சாணம். மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணையும் சாம்பலையும் தூவ வேண்டும். ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். இடையிடையே கிளறிவிட வேண்டும். சுமார் 3 மாதத்தில் கறுத்து உதிரும் நல்ல எரு கிடைக்கும்.

ஒரு கூடை சாணம் இப்படிப் பல கூடை எருவாகிறது. சொந்த வயலுக்குப் போட்டால் உரச் செலவு மிச்சம். கூடுதலாக இருந்தால் தோட்டக்காரர்களுக்கு விற்கலாம். வீட்டுக்குள் வரும் காசு மட்டும் வருமானம் அல்ல. வெளியே போகாமல் நின்ற காசும் வருமானம்தான்.

இரண்டாவது வரவு: செக்கு

வயலில் வேலை இல்லாத மாதங்களில் எருதுக்குத் தீனி மட்டும் உண்டு, வேலை இல்லை. அதைச் செக்கில் கட்டலாம் என்றார்கள் மகன்வாடிக்காரர்கள். அங்கே பழைய செக்கைத் திருத்தி, குறைந்த பாரத்தில் கூடுதல் எண்ணெய் தரும் புதுச் செக்கு ஒன்றை உருவாக்கினார்கள். ஜாவேர்பாய் படேல் என்ற நிபுணர் இதற்காகவே பாடுபட்டார்.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். எள்ளும் கடலையும் மூட்டையாகக் கட்டி ஆலைக்குப் போனால், எண்ணெய் ஆலைக்காரருக்கு. பிண்ணாக்கும் அவருக்கே. குடியானவர் அந்தப் பிண்ணாக்கைத் திரும்பக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஊரிலேயே செக்கு ஓடினால்? எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, ஆட்டிய கூலி செக்கு வைத்திருப்பவருக்கு. பிண்ணாக்குத் தின்ற மாட்டின் சாணம் மறுபடியும் வயலுக்கு!

கிராமத்தில் விளைந்தது கிராமத்திலேயே சுற்றி வர வேண்டும் என்பதுதான் குமரப்பாவின் வாதம். எண்ணெய் வித்துக்களைக் கப்பலேற்றி அனுப்புவது, மண்ணின் சத்தையே கப்பலேற்றி அனுப்புவது மாதிரி என்று அவர் கருதினார்.

மூன்றாவது வரவு: தயிர், மோர், நெய்

பாலைப் பாலாகவே விற்றால் ஒரு விலை. கடைந்து வெண்ணெய் எடுத்து உருக்கி நெய்யாக்கினால் வேறு விலை. மோர் வீட்டுக்கு மிச்சம். நெய் பல நாள் கெடாது. தூரத்துச் சந்தைக்கும் போகும். பால் வாங்க ஆள் இல்லாத கிராமங்களில் பெண்களின் கைச் செலவுக்கு நெய்தான் ஆதாரமாக இருந்தது.

அந்த வருமானத்துக்கு ஓர் எமன் வந்தான். வனஸ்பதி! பார்வைக்கு நெய் மாதிரி. விலையோ மலிவு. நெய்யில் கலந்து விற்றார்கள். எது நல்ல நெய், எது கலப்பட நெய் என்று தெரியாமல் ஜனங்களுக்கு நெய் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. காந்தியும் குமரப்பாவும் வனஸ்பதியைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

இன்னொரு விஷயத்திலும் குமரப்பா பிடிவாதமாக இருந்தார். பால் முதலில் வீட்டுக் குழந்தைக்கு. மிஞ்சியதுதான் விற்பனைக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 அவுன்சு பால் வேண்டும் என்று அவருடைய உணவுத் திட்டத்தில் எழுதியிருந்தார். கிட்டத்தட்ட இரண்டு ஆழாக்கு. மாடு வைத்திருக்கும் வீட்டுக் குழந்தை கறுப்புக் காப்பி குடிப்பது அவர் கணக்கில் நஷ்டம்.

நாலாவது வரவு: செத்த மாடு

மாடு செத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. தோல் இருக்கிறது. எலும்பு இருக்கிறது. கொம்பு இருக்கிறது.

வார்தாவுக்குப் பக்கத்தில் நால்வாடி என்ற இடத்தில், தானாகச் செத்த மாடுகளின் தோலைப் பதனிடும் தொழிலைக் காந்தியின் தொண்டர்கள் நடத்தினார்கள். மேல்சாதிக்காரர்கள் தொட மறுத்த தொழில் அது. அதைத் தாங்களே கையில் எடுத்துச் செய்தார்கள். எலும்பை இடித்துத் தூளாக்கினால் பயிருக்கு அருமையான உரம்.

இந்த வரவு யாருக்குப் போக வேண்டும்? காலம் காலமாக இந்த வேலையைச் செய்து, அதற்காகவே ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழைகளுக்கு. நல்ல முறையில் பதனிடக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் வருமானமும் உயரும், மரியாதையும் உயரும் என்று எண்ணினார்கள்.

ஐந்தாவது வரவு: தேனீ

தேனீக்கு நிலம் வேண்டாம். தீனி வாங்க வேண்டாம். மரத்தடியில் ஒரு பெட்டி போதும். தேன் கிடைக்கும். அதோடு, தேனீ பூவுக்குப் பூ போவதால் தென்னை, எள், சூரியகாந்தி, பூசணி முதலியவற்றில் காய்ப்பு கூடும். தோட்டக்காரருக்கு இரட்டை லாபம். அதனால்தான் மகன்வாடியில் தேனீ வளர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தார்கள்.

எல்லாத் தொழிலையும் ஒரே வீடு செய்ய வேண்டும் என்று குமரப்பா சொல்லவில்லை. ஒரு வீட்டில் செக்கு. ஒரு வீட்டில் தேன். ஒரு வீட்டில் எரு. ஊர் முழுவதும் சேர்ந்து பார்த்தால் எதுவும் வீண் இல்லை. யாரும் சும்மா இல்லை.

ஜெயிலில் பிறந்த புத்தகம்

1942-ம் ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு மறுபடியும் ஜெயில் வாசம். ஜபல்பூர் ஜெயிலில் இருந்தபடியே இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று ஏசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டாவது நூலுக்கு 1945-ம் ஆண்டு ஆகஸ்டில் காந்தி ரயிலில் போய்க்கொண்டே முன்னுரை எழுதிக் கொடுத்தார். கிராமத் தொழில் டாக்டர் என்று விளையாட்டாக ஒரு பட்டமும் சூட்டினார்.

அந்தப் புத்தகத்தில் மனிதர் பிழைக்கும் வழிகளை விலங்குகளை வைத்து விளக்கியிருக்கிறார்.

புலி ஆட்டை அடித்துத் தின்கிறது. ஆடு அழிகிறது. இது முதல் வகை. குரங்கு பிறர் தோட்டத்து மாம்பழத்தைப் பறிக்கிறது. மரம் அழிவதில்லை. ஆனால் குரங்கு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. இது இரண்டாவது வகை. பறவை தானே உழைத்துத் தனக்குக் கூடு கட்டுகிறது. இது மூன்றாவது. தேனீ தனக்காக மட்டும் உழைக்காமல் கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கிறது. இது நாலாவது. தாய்ப்பறவை தனக்கு ஒன்றும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. இது ஐந்தாவது. இதுதான் உயர்ந்தது.

நம் வருமானம் இந்த ஐந்தில் எந்த வகை? ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கும்படி அவர் எழுதிவைத்தார்.

கேடா ஜில்லாவில் ஓர் அதிசயம்

குமரப்பா வீடு வீடாகக் கணக்கெடுத்த அதே கேடா ஜில்லாவில் 1946-ம் ஆண்டு ஒரு பெரிய சம்பவம் நடந்தது.

அங்கே பால் வாங்கும் உரிமை ஒரே கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் வைத்ததே விலை. குடியானவர்கள் சர்தார் படேலிடம் முறையிட்டார்கள். நீங்களே சேர்ந்து சங்கம் வையுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். பால் விற்பதை நிறுத்திக் குடியானவர்கள் போராடினார்கள். பாலைக் கீழே கொட்டினார்களே தவிர, கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் வெற்றி பெற்றார்கள்.

திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946 டிசம்பரில் பதிவாயிற்று. அதுதான் பிற்காலத்தில் உலகம் புகழும் அமுல் ஆயிற்று. நாடெங்கும் பால் சங்கங்கள் ஏற்பட அதுவே வழிகாட்டி. புதுச்சேரியில் பாண்லே வந்ததும், தமிழ்நாட்டில் ஆவின் வந்ததும் இந்தக் கூட்டுறவு வழியில்தான்.

குமரப்பாவின் வழி வேறு. அமுலின் வழி வேறு. பால் பட்டணத்துக்குப் போய்ப் பணமாகத் திரும்புவது அமுலின் வழி. கிராமத்தின் பொருள் கிராமத்திலேயே சுற்றுவது குமரப்பாவின் வழி. ஆனாலும் இரண்டிலும் ஒரே உண்மை இருந்தது. தனி ஒரு குடியானவர் பேரம் பேச முடியாது. சேர்ந்தால் பேசலாம்.

சுதந்திர இந்தியாவில் தனி மனிதர்

1947-ல் நாடு சுதந்திரம் பெற்றது. நிலச் சீர்திருத்தத்துக்காகக் காங்கிரஸ் ஒரு கமிட்டி அமைத்தது. அதற்குக் குமரப்பாவைத் தலைவராகப் போட்டார்கள். உழுகிறவருக்கே நிலம் சொந்தமாக வேண்டும், ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949-ம் ஆண்டு அந்தக் கமிட்டி அறிக்கை கொடுத்தது.

ஆனால் நாடு வேறு பாதையில் போயிற்று. பெரிய ஆலைகள், பெரிய அணைகள், டிராக்டர், ரசாயன உரம். குமரப்பா எதிர்த்து வாதாடினார். டிராக்டர் உழும், சாணம் தராது, கன்று ஈனாது, எண்ணெய் இல்லாமல் ஓடாது. இதுதான் அவர் வாதம்.

அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். டில்லியில் ஒரு கூட்டத்துக்குக் குதிரை வண்டியில் போனாராம். பிரதமர் நேருவின் கார் வரப்போகிறது என்று போலீஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டாராம். குமரப்பா கூட்டத்தில் நேருவிடமே இதைக் கேட்டுவிட்டாராம். ஏழையின் வண்டி ஓரங்கட்டி நிற்க, அதிகாரியின் கார் முன்னால் போவதுதான் ஜனநாயகமா என்பது அவர் கேள்வி.

யாரிடமும் தலை சொறிந்து நிற்காதவர். அதனாலேயே பதவிகளும் அவரை விட்டுத் தூரப் போயின.

கல்லுப்பட்டிக் குடிசை

ரத்த அழுத்த நோய் அவரை வாட்டியது. தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். மதுரை ஜில்லா தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறிய குடிசையில் தங்கினார்.

அந்தக் குடிசையில் காந்தியின் படம் இருந்தது. ஓர் ஏழைக் குடியானவரின் படமும் இருந்தது. காந்தி தன் குரு என்றும், அந்த ஏழை தன் குருவுக்கும் குரு என்றும் வருகிறவர்களிடம் சொல்வார்.

1957-ம் ஆண்டு தம்பி பாரதன் குமரப்பா காலமானார். 1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஜே.சி.குமரப்பாவும் கண்ணை மூடினார். காந்தி மறைந்ததும் அதே ஜனவரி 30-ந் தேதிதான். குமரப்பாவுக்கு அப்போது வயது 68.

கணக்கு எங்கே தவறியது? எங்கே பலித்தது?

குமரப்பாவின் கணக்கு முழுவதும் எருதின் கழுத்தில் நின்றது. எருது உழும், வண்டி இழுக்கும், செக்கு ஆட்டும் என்று அவர் கணக்குப் போட்டார். டிராக்டர் வந்தது. லாரி வந்தது. எருது வேலை இழந்தது. காளைக்கன்று பிறந்தால் குடியானவர் வீட்டில் முகம் வாடும் காலம் வந்துவிட்டது. இதை அவரால் தடுக்க முடியவில்லை.

ஆனால் சாணத்தைப் பற்றிய அவர் கணக்கு தவறவில்லை. 1960-களிலிருந்து கதர் கிராமத் தொழில் கமிஷன் சாண எரிவாயு அடுப்பைக் கிராமங்களில் பரப்பியது. இரண்டு மூன்று மாடுகளின் சாணம் இருந்தால், சிறு குடும்பம் ஒன்றுக்குச் சமையல் எரிவாயு கிடைத்துவிடும். எரிவாயு எடுத்த பிறகு வெளியே வரும் சாணக் கரைசல் முன்னைவிட நல்ல எரு. வறட்டியா, எருவா என்ற பழைய சண்டை தீர்ந்தது. அடுப்பும் எரிகிறது, வயலும் விளைகிறது!

மண்புழு எரு செய்து மூட்டை கட்டி விற்கிறவர்கள் இன்று எத்தனையோ பேர். மரச்செக்கு எண்ணெய்க்கும் மறுபடி கிராக்கி வந்திருக்கிறது. பட்டணத்துக்காரர்கள் தேடிவந்து கூடுதல் விலை கொடுக்கிறார்கள். தேன் பெட்டிகளும் தோட்டங்களில் பெருகுகின்றன.

காலையில் சங்கத்துக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் குடும்பத்துக்குக் குமரப்பா வைத்துவிட்டுப் போன வழி சுலபமானது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். பாலுக்கு வந்த பணத்தை ஒரு பக்கம் எழுத வேண்டும். அன்று தொழுவத்திலிருந்து வீணாகப் போன சாணம், மூத்திரம், கூளம் எல்லாவற்றையும் எதிர்ப் பக்கம் எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால், எங்கிருந்து கூடுதல் காசு வரும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.